சிறுபான்மை மாணவர்கள் படிக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கு கிராண்ட் தேடுவது எப்படி?

டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு கம்யூனிட்டி காலேஜில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து டீன் கூப்பிட்டு, "நம்ம கல்லூரி ஹெச்எஸ்ஐ ஆச்சே, ஏதாவது கிராண்ட் எழுதிப் பாருங்களேன்" என்பார். ஹெச்எஸ்ஐ என்றால் ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வழிவந்த மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்லூரி; கிராண்ட் என்றால் திருப்பிக் கட்ட வேண்டாத நிதியுதவி. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி வரும். அப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கும். இது அந்த வசதி இல்லாத கல்லூரிகளுக்கு.

பழைய கையேடுகளை நம்பி இறங்க முடியாதபடி 2025இல் நிறைய மாறிவிட்டது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இப்போதைய நிலவரம்

இந்தப் பணத்துக்கெல்லாம் வேர் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் தான் படித்த சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய் அதில் கையெழுத்துப் போட்டார். டெக்சஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி என்று இன்று பெயர் மாறியிருக்கும் அந்தக் கல்லூரியே இப்போது ஒரு ஹெச்எஸ்ஐ. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, வசதி குறைந்த கல்லூரிகளை வலுப்படுத்துவதற்கானது. ஹிஸ்பானிக் மாணவர்கள் அதிகம் உள்ள கல்லூரிகளைச் சட்டம் 1992இல் தனி வகையாக ஏற்றது. 1998இல் அவற்றுக்கென ஐந்தாம் பகுதி உருவானது. டைட்டில் த்ரீ, டைட்டில் ஃபைவ் என்று கல்லூரிக் கூட்டங்களில் அடிபடும் பெயர்கள் இவைதான்.

2025 ஜூனில் டென்னசி மாநிலமும் ஸ்டூடண்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ் என்ற அமைப்பும் ஹெச்எஸ்ஐ திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டன. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை எதிர்த்து 2023இல் ஹார்வர்டு வழக்கில் வென்ற அதே அமைப்புதான். இத்தனை சதவீதம் ஹிஸ்பானிக் மாணவர்கள் இருந்தால்தான் பணம் என்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்பது அவர்கள் வாதம். அரசு அந்தத் திட்டத்துக்காக வாதாட மறுத்துவிட்டது. ஹிஸ்பானிக் கல்லூரிகளின் சங்கமான ஹாக்கூ வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டு எதிர்வாதம் செய்ய முன்வந்தது. செப்டம்பரில் கல்வித் துறை, இப்படிச் சதவீதத்தை வைத்துத் தரப்படும் பல திட்டங்களின் விருப்புரிமை நிதியை, அதாவது சட்டம் கட்டாயமாக்காத நிதியை, நிறுத்துவதாக அறிவித்தது. மொத்தம் சுமார் 35 கோடி டாலர். ஐந்தாண்டு கிராண்டின் நடுவில் இருந்த கல்லூரிகளுக்கும் அடுத்த தவணை நின்றது. சட்டமே கட்டாயமாக ஒதுக்கிய நிதி வேறு கணக்கு. 2019இன் ஃபியூச்சர் சட்டம் ஆண்டுக்கு 25.5 கோடி டாலரை நிரந்தரமாக ஒதுக்கியிருக்கிறது. அதில் 10 கோடி, ஹெச்எஸ்ஐக்களின் அறிவியல், கணிதக் கல்விக்கு.

கறுப்பின மக்களுக்காக வரலாற்றில் தோன்றிய கல்லூரிகளும் (ஹெச்பிசியு) பழங்குடிக் கல்லூரிகளும் அந்த நிறுத்தப் பட்டியலில் இல்லை. அந்தச் செப்டம்பரிலேயே அவற்றுக்குக் கூடுதல் பணம் அறிவிக்கப்பட்டது. காரணம், அவற்றின் தகுதி சதவீதக் கணக்கில் வருவதில்லை. 1964க்கு முன்பே தொடங்கப்பட்டதும் கறுப்பின மக்களின் கல்வியையே நோக்கமாகக் கொண்டிருந்ததும்தான் ஹெச்பிசியு என்பதற்கான அளவுகோல்.

இந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், புதிதாக வருபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு கிராண்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற திட்டத்தைத் தேடாதீர்கள். உங்கள் மாணவர்கள் எந்த இடத்தில் படிப்பை விடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் சரிசெய்ய ஒரு திட்டத்தை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டம் ஹெச்எஸ்ஐ பணத்துக்கும் பொருந்த வேண்டும், இனக்கணக்கே இல்லாத இன்னொரு நிதிக்கும் பொருந்த வேண்டும். ஒரு கதவு அடைத்தால் இன்னொரு கதவைத் தட்ட அப்போதுதான் முடியும்.

உங்கள் கல்லூரி எந்த வகை?

இளநிலை மாணவர்களில், முழுநேர மாணவர் கணக்காக மாற்றிப் பார்க்கையில், குறைந்தது 25 சதவீதம் ஹிஸ்பானிக் என்றால் அது ஹெச்எஸ்ஐ. நாட்டில் இப்படிச் சுமார் 600 கல்லூரிகள் இருக்கின்றன. மயாமி டேட் காலேஜ், எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எல்லாம் இதில் வரும். அரிசோனா ஸ்டேட் போன்ற மாபெரும் பல்கலைக்கழகமும் இப்போது இந்த வகைதான். கறுப்பின மாணவர்கள் 40 சதவீதம் இருந்தால் பிபிஐ. இது ஹெச்பிசியு இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹவாய்ப் பூர்வகுடியினர் 10 சதவீதம், அலாஸ்காப் பூர்வகுடியினர் 20 சதவீதம் என்று தனித்தனி அளவுகள் உண்டு. பழங்குடியினரே நடத்தும் கல்லூரிகள் 35 வரை இருக்கும். நவஹோ மக்கள் 1968இல் தொடங்கிய தினே காலேஜ்தான் அவற்றில் முதலாவது.

நம் ஆட்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஆனபிசி என்ற வகை. ஆசிய அமெரிக்கரும் பசிபிக் தீவினரும் சேர்ந்து 10 சதவீதம் இருந்தால் போதும். 2007இல் சட்டத்தில் வந்தது. இதில் பலரும் தப்புக்கணக்குப் போடுவார்கள். சென்னையிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து படிக்கும் பிள்ளைகள் இந்தப் பத்துச் சதவீதத்தில் சேரமாட்டார்கள். கல்வித் துறைக்குக் கல்லூரிகள் அனுப்பும் ஐபெட்ஸ் புள்ளிவிவரத்தில் விசா மாணவர்களுக்கு எந்த இனமும் குறிக்கப்படுவதில்லை, வெளிநாட்டவர் என்று தனிப் பத்தியில் போய்விடுவார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள குடும்பத்துப் பிள்ளைகள்தான் ஆசிய அமெரிக்கர் கணக்கில் வருவார்கள். எடிசனிலோ ஃப்ரீமாண்டிலோ கல்லூரி வளாகத்தில் எத்தனை தமிழ் முகங்களைப் பார்த்தாலும் கணக்கு வேறாக இருக்கலாம்.

சதவீதம் இருந்தால் மட்டும் போதாது. டைட்டில் த்ரீ, ஃபைவ் இரண்டுக்கும் இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, கல்லூரியின் செலவு, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பிரித்தால், அதே மாதிரிக் கல்லூரிகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு, ஏழை மாணவர்கள் அதிகம் இருக்க வேண்டும். பாதிப் பேராவது தேவை அடிப்படையிலான ஃபெடரல் உதவி பெறுபவர்களாக இருக்கலாம், அல்லது ஏழை மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் வாங்குபவர்களின் விகிதம் ஒத்த கல்லூரிகளின் நடு அளவைத் தாண்டியிருக்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் காரணம் காட்டி விலக்குக் கேட்க வழி இருக்கிறது.

இந்தத் தகுதிக்கு ஒவ்வோர் ஆண்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராண்டுக்கான விண்ணப்பம் வேறு, இது வேறு. பெரும்பாலும் குளிர்காலத்தில் சில வாரம் மட்டும் சாளரம் திறக்கும். கல்வித் துறை ஆண்டுதோறும் ஒரு தகுதிப் பட்டியலை வெளியிடும். அதில் உங்கள் கல்லூரியின் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கல்லூரியின் புள்ளிவிவரங்களை வைத்திருக்கும் நிறுவன ஆய்வு அலுவலகத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். எங்கள் வேலையில் இவரைவிட முக்கியமான ஆள் கிடையாது. டீனைப் பகைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்தத் தகுதி கிடைத்தால், வேலை செய்து படிக்கும் மாணவர்களின் சம்பளத்தில் கல்லூரி போட வேண்டிய பங்கு போன்ற சில ஃபெடரல் பங்களிப்புகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். கிராண்டே வராவிட்டாலும் அந்தப் பணம் கல்லூரிக்கு மிச்சம்.

பதிவு வேலைகள்

விண்ணப்பத்தை எழுதத் தெரியாமல் தோற்பவர்களைவிட, பதிவு முடியாமல் தோற்பவர்கள்தான் எனக்கு அதிகம் தெரியும். சாம் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் கல்லூரி பதிவு செய்திருக்க வேண்டும். அங்கேதான் யூஇஐ என்ற அடையாள எண் கிடைக்கும். அதற்கு முன் இருந்த டன்ஸ் எண்ணை யாராவது சொன்னால் அது 2022 ஏப்ரலோடு போயாயிற்று. பதிவை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சட்டப்பூர்வப் பெயரிலோ முகவரியிலோ ஒரு எழுத்து மாறினாலும் வாரக்கணக்கில் இழுக்கும். இது முழுக்க இலவசம். பதிவு செய்து தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களைத் தூக்கி எறியுங்கள்.

அப்புறம் கிராண்ட்ஸ் டாட் கவ். விண்ணப்பம் போவது இதன் வழியாக. உங்கள் பெயரில் கணக்குத் திறந்தால் எழுதலாம், திருத்தலாம், ஆனால் அனுப்ப முடியாது. கல்லூரியின் சார்பில் அனுப்பும் அதிகாரம் சிலருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த ஆள் யார், கடைசி நாளில் அவர் ஊரில் இருப்பாரா, அவருக்கு மாற்று ஆள் உண்டா என்பதை முதல் வாரமே கேட்டு வையுங்கள். தேசிய அறிவியல் நிறுவனமான என்எஸ்எஃபுக்கு ரிசர்ச் டாட் கவ் என்று தனித் தளமும் இருக்கிறது.

தேடுவதற்குத் திட்ட எண் உதவும். 84.031 என்று கிராண்ட்ஸ் டாட் கவில் போட்டால் டைட்டில் த்ரீ, ஃபைவ் குடும்பம் முழுவதும் வரும். கடைசியில் எஸ் என்ற எழுத்து இருந்தால் ஹெச்எஸ்ஐ வளர்ச்சித் திட்டம், சி என்றால் ஹெச்எஸ்ஐ அறிவியல் திட்டம், எம் என்றால் முதுகலைப் படிப்புகளுக்கானது, ஏ என்றால் இனக்கணக்கு இல்லாத பொதுத் திட்டம். விவசாயத் துறை ஹெச்எஸ்ஐக்களுக்குத் தரும் கல்வி கிராண்டின் எண் 10.223. வேளாண்மை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உணவு அறிவியல், சத்துணவு, சுற்றுச்சூழல் எல்லாம் அதில் அடங்கும். எண்ணைச் சேமித்து வைத்தால் புதிய அறிவிப்பு வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும்.

சதவீதம் கேட்காத கதவுகள்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

டைட்டில் த்ரீயின் ஏ பிரிவில் இருக்கும் ஸ்ட்ரெங்தனிங் இன்ஸ்டிட்யூஷன்ஸ் திட்டம், கல்லூரியின் செலவு குறைவு, மாணவர்கள் ஏழைகள் என்ற இரண்டை மட்டும்தான் பார்க்கிறது. தகுதியுள்ள ஹெச்எஸ்ஐ அநேகமாக இதற்கும் தகுதியானதுதான். ஆனால் ஒரே நேரத்தில் டைட்டில் த்ரீயின் ஏ பிரிவு கிராண்டையும் டைட்டில் ஃபைவ் கிராண்டையும் வாங்க முடியாது. எதை எடுப்பது என்று நிதி அலுவலரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கல்வித் துறையின் ட்ரியோ என்ற மாணவர் உதவித் திட்டங்கள் அடுத்தவை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர், குறைந்த வருமானக்காரர், மாற்றுத்திறனாளி என்பதுதான் இங்கே அளவுகோல். நம் ஊரில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஏறக்குறைய அந்த எண்ணம்தான். கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு ஸ்டூடண்ட் சப்போர்ட் சர்வீசஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்வர்ட் பவுண்ட், முனைவர் படிப்புக்குத் தயார் செய்ய மக்நேர். இங்கேயும் 2025இல் சில கிராண்டுகளை ரத்து செய்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தை வைத்துக்கொண்டு படிக்கும் ஏழைப் பெற்றோருக்காகக் கல்லூரி வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்த சிகாம்பிஸ் என்று ஒன்று உண்டு. மாணவர்களின் சராசரி வயது இருபத்தைந்தைத் தாண்டிய கம்யூனிட்டி காலேஜ்களுக்கு இது வரப்பிரசாதம். விண்ணப்பிப்பவர்கள்தான் குறைவு.

என்எஸ்எஃபில் ஹெச்எஸ்ஐக்களுக்கென்று ஒரு திட்டம் இருந்துவந்திருக்கிறது. அது இப்போது திறந்திருக்கிறதா என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டே இறங்குங்கள். அதோடு நிற்காமல் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். எஸ்-ஸ்டெம், ஏழை மாணவர்களுக்கு அறிவியல், பொறியியல் உதவித்தொகை தருவது. ஏடிஇ, இரண்டாண்டுக் கல்லூரிகளில் தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இதுவரை ஏடிஇ பணம் வாங்காத கல்லூரிகளுக்கென்றே சிறிய கிராண்ட் ஒன்றை அதில் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, என்எஸ்எஃப் பணத்தில் நடக்கும் மென்டர்-கனெக்ட் என்ற திட்டம் புதியவர்களுக்கு அனுபவசாலி ஒருவரைத் துணைக்குத் தந்து விண்ணப்பம் எழுத வைக்கிறது. கிராண்டே எழுதியிராத ஒரு வெல்டிங் ஆசிரியரோ நெட்வொர்க்கிங் ஆசிரியரோ முதல் அடி எடுத்து வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தனியார் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. லூமினா, அசெண்டியம், கிரெஸ்கி ஆகியவை கல்லூரி நிறைவு விகிதத்தில் அக்கறை காட்டுபவை. மெலன், கலை, இலக்கியப் படிப்புகளுக்கு. இவற்றில் பலவற்றுக்கு நேராக விண்ணப்பம் போட முடியாது, அவர்களாக அழைக்க வேண்டும். முதலில் இரண்டு பக்கக் கடிதம், பிறகு பேச்சு, பிறகுதான் விண்ணப்பம். பொறுமையும் அறிமுகமும் தேவைப்படும் பாதை. புதியவர் இதில் முதல் ஆண்டைச் செலவழிக்க வேண்டாம்.

என்ன கேட்கலாம், எதைக் கேட்டால் வெட்டுவார்கள்

டைட்டில் ஃபைவ் பணம் மாணவர் கையில் கொடுப்பதற்கல்ல, கல்லூரியின் திறனை வளர்ப்பதற்கு. பாடத்திட்டத்தை மாற்ற, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, பயிற்சி வகுப்பு மையம் அமைக்க, ஆய்வகக் கருவி வாங்க, வகுப்பறையைப் புதுப்பிக்க, இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும் பாதையைச் செப்பனிட என்று நிறையவே செய்யலாம். அண்மைச் சுற்றுகளில் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் வரை, ஐந்தாண்டுக்குக் கொடுத்தார்கள்.

கூடாதவற்றின் பட்டியலை விதிமுறையில் படித்துவிடுங்கள், சுவாரசியமாக இருக்கும். புதிய மாணவர்களைச் சேர்க்க விளம்பரம் செய்யக் கூடாது. கல்லூரித் தலைவர் சம்பளத்தில் ஒரு பங்கைப் போடக் கூடாது. சாதாரண அலுவலக மேசை நாற்காலி வாங்கக் கூடாது. மத போதனைக்குக் கூடாது. விண்ணப்பம் தயாரித்த செலவைக்கூட இதில் போட முடியாது. ஏற்கெனவே கல்லூரி சொந்தப் பணத்தில் செய்துவரும் வேலையை இந்தப் பணத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சமானதை வேறெதற்கோ திருப்புவதும் தடை. நிதி அலுவலருக்கு இந்தக் கடைசி விதி மறந்துபோகும், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

கிராண்டில் 20 சதவீதம் வரை கல்லூரியின் அறக்கட்டளை நிதிக்கு முதலாகப் போட்டு வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு டாலருக்கு ஒரு டாலர் கல்லூரியும் வெளியிலிருந்து திரட்டிப் போட வேண்டும். அசலை இருபது ஆண்டுகள் தொடக் கூடாது. முன்னாள் மாணவர் சங்கம் சுறுசுறுப்பாக இருக்கும் கல்லூரிக்கு இது நல்ல ஏற்பாடு, மற்றவர்களுக்கு வீண் சுமை.

எழுதுவது

அறிவிப்பு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வந்த நாளிலிருந்து கடைசி நாள் வரை பெரும்பாலும் முப்பது முதல் அறுபது நாள்தான் இருக்கும். அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. திட்டத்தின் எலும்புக்கூடு அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

எலும்புக்கூட்டை உங்கள் கல்லூரியின் புள்ளிவிவரத்திலிருந்து எடுங்கள். "எங்கள் மாணவர்கள் பல சவால்களைச் சந்திக்கிறார்கள்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "காலேஜ் ஆல்ஜீப்ரா வகுப்பில் சேர்ந்த 100 பேரில் 46 பேர் தேறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்கள். எங்கள் பயிற்சி மையம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுகிறது." எண்களை நான் உதாரணத்துக்குத்தான் போட்டேன், வடிவத்தைப் பாருங்கள். குறை எங்கே என்பது தெரிந்ததும் தீர்வு தானாக வந்து நிற்கிறது: மையத்தை இரவு ஒன்பது வரை திறந்து வை, வகுப்போடு சேர்ந்த துணைப் பாடம் கொடு, ஆசிரியருக்குப் பயிற்சி கொடு. யாரும் இதை இனம் சார்ந்த திட்டம் என்று சொல்ல முடியாது. ஆல்ஜீப்ராவில் தோற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மையம் திறந்திருக்கும். டைட்டில் ஃபைவ் பணத்தில் நடக்கும் சேவைகள் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கு மட்டும் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தகுதி கல்லூரிக்கு, பயன் எல்லா மாணவருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் "லத்தீனோ மாணவர்களுக்கான தனி மையம்" என்று எழுதி வைத்தால் இன்றைய சூழலில் நீங்களே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

இலக்கை அளக்கக்கூடியதாக எழுதுங்கள். தேர்ச்சி இத்தனையிலிருந்து இத்தனையாக, இந்தப் பருவத்துக்குள், இந்தத் தரவை வைத்து அளப்போம் என்று. ஐந்தாண்டில் இரட்டிப்பாக்குவோம் என்று அள்ளிவிட வேண்டாம். கிடைத்துவிட்டால் ஒவ்வோர் ஆண்டு அறிக்கையிலும் அந்த எண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். லாஜிக் மாடல் என்ற ஒரு பக்கப் படத்தைக் கேட்பார்கள். எந்தப் பணம் எந்த வேலையாகி எந்த மாற்றத்தைத் தரும் என்ற அம்புக்குறி வரைபடம் அது. அதைக் கடைசியில் அலங்காரமாகப் போடாமல் முதலில் வரைந்துகொண்டு எழுதினால் கட்டுரை கோணாமல் வரும்.

உங்கள் தீர்வு வேறெங்காவது பலித்தது என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். கல்வித் துறையின் வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் தளத்தில் ஆய்வுகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டத்தோடு பொருந்தும் ஓர் ஆய்வை மேற்கோள் காட்டுங்கள், பத்து வேண்டாம்.

மதிப்பெண் அட்டவணை அறிவிப்பிலேயே இருக்கும். எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து, அதே தலைப்புகளை அதே வரிசையில், அதே சொற்களில் வையுங்கள். மதிப்பீட்டாளர்கள் உங்களைப் போலவே வேறு கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிப்பவர்கள். தேட வைத்தால் மதிப்பெண் போகும். இங்கே இலக்கிய நயம் வேலைக்கு ஆகாது.

ஏற்கெனவே வென்றவர்களின் சுருக்கங்களைக் கல்வித் துறை தளத்தில் படிக்கலாம். என்எஸ்எஃப் கொடுத்த ஒவ்வொரு கிராண்டும் அவர்களின் தேடல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் உங்கள் அளவுள்ள ஒரு கல்லூரி வாங்கியிருந்தால், அந்தத் திட்ட இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தங்கள் விண்ணப்பத்தையே அனுப்பிவைத்தவர்கள் உண்டு.

பட்ஜெட்டில் இடறும் இடங்கள்

பெரும்பகுதி சம்பளத்துக்கே போகும். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மனிதவள அலுவலகத்தில் அதற்கான விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், ஊகித்துப் போடாதீர்கள். ஐந்தாண்டுக்கும் சம்பள உயர்வைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மறைமுகச் செலவு என்பது மின்சாரம், கட்டடம், கணக்குப் பிரிவு போன்றவற்றுக்காகக் கல்லூரி எடுத்துக்கொள்ளும் விகிதம். டைட்டில் த்ரீயின் ஏ பிரிவிலும் டைட்டில் ஃபைவிலும் அதை எடுக்க முடியாது. ட்ரியோவில் 8 சதவீதம்தான். அரசோடு பேசி முடித்த விகிதம் இல்லாத கல்லூரிகளுக்குப் பொதுவான விகிதம் 2024 அக்டோபரிலிருந்து 10இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. அது தடை இல்லாத திட்டங்களுக்கு மட்டும். எதற்கு எது என்று தெரியாமல் துணைத் தலைவரிடம் போய் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாண்டு முடிந்த பின் இந்த ஊழியர்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். நல்ல விண்ணப்பங்களில் கல்லூரி தன் பங்கை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போகும்: மூன்றாம் ஆண்டு கால்பங்கு, ஐந்தாம் ஆண்டு முக்கால் பங்கு என்பது மாதிரி. பணம் நடுவில் நிற்கக்கூடும் என்று 2025 காட்டிவிட்டதால், இப்போது நான் இன்னொன்றும் சொல்வேன். நிரந்தர ஆசிரியரை முழுக்க கிராண்ட் சம்பளத்தில் வைக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கருவி, பாடத்திட்டம், பயிற்சி என்று நின்றுபோனாலும் கையில் தங்குகிற செலவுகளை முன்னால் தள்ளுங்கள்.

அனுப்பும் வாரம்

கடைசி நேரம் பெரும்பாலும் கிழக்கு நேரப்படி இரவு 11:59. கலிஃபோர்னியாவில் இருந்தால் அது 8:59 என்பதை அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கல்வித் துறை பிடிஎஃப் கோப்புகளைத்தான் எடுக்கும். பக்க அளவு, எழுத்து அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் அறிவிப்பில் சொன்னபடியே வையுங்கள். அனுப்பிய பிறகு முதலில் ஒரு ரசீது வரும், பிறகு சரிபார்த்தாயிற்று என்றோ பிழை என்றோ இன்னொரு செய்தி வரும். அந்த இரண்டாவது செய்திக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். பிழை என்றால் கடைசி நாளுக்குள் திருத்தி மறுபடி அனுப்பியாக வேண்டும். ஆகவே உங்கள் சொந்தக் கெடுவை மூன்று நாள் முன்னால் வையுங்கள். பெரிய கெடு நாட்களில் தளம் திணறும், உதவி எண்ணில் காத்திருக்க வேண்டியிருக்கும். அழைத்தால் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், தளத்தின் கோளாறுதான் என்று நிரூபிக்க அது ஒன்றுதான் உதவும்.

பதில் வந்த பின்

கிடைத்துவிட்டால் முதல் வேலை, ஒப்புதல் கடிதத்தை முழுக்கப் படிப்பது. ஓர் ஆண்டில் எல்லாமாகச் சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல் ஃபெடரல் பணம் செலவழிக்கும் கல்லூரிக்குத் தனித் தணிக்கை உண்டு. 2024 அக்டோபருக்கு முன் அந்த வரம்பு ஏழரை லட்சமாக இருந்தது. கிராண்டில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் எத்தனை நேரம் எந்த வேலை செய்தார் என்ற பதிவை மாதந்தோறும் எடுத்து வையுங்கள். தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். பட்ஜெட்டில் பெரிய மாற்றம் வேண்டுமானால் முன்கூட்டியே நிதி தரும் துறையின் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னார் என்பது எடுபடாது.

கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மூன்று பேர் படித்திருப்பார்கள். ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் கறாராகவும் போட்டிருப்பார். ஒருவர் மட்டும் சொன்ன குறையைவிட, இரண்டு பேர் ஒரே இடத்தில் காட்டிய குறைதான் உண்மையான குறை. அதைத் திருத்தி வையுங்கள், அடுத்த சுற்றிலோ வேறு திட்டத்திலோ பயன்படும்.

இடைப்பட்ட காலத்தில் நீங்களே மதிப்பீட்டாளராகப் பெயர் கொடுங்கள். என்எஸ்எஃப், கல்வித் துறை, விவசாயத் துறை எல்லாவற்றுக்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள், கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்களை விரும்பியே எடுக்கிறார்கள். சிறிய சன்மானமும் உண்டு. எட்டு விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டு, மற்ற இருவரோடு தொலைபேசியில் வாதாடிப் பார்த்தால், எந்த வரியில் மதிப்பெண் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உங்கள் கல்லூரியே போட்டியிடும் சுற்றில் மட்டும் இதைச் செய்ய விடமாட்டார்கள், அதனால் விண்ணப்பிக்காத ஆண்டாகப் பார்த்துப் பெயர் கொடுங்கள்.